விருதுப் படிவத்தில் இடம்பெறாதவர்கள்

சென்னையில் ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். புகார்க் கணக்கு என் பொறுப்பு. எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது, தீர எவ்வளவு நேரம் ஆனது என்று தினமும் சாயங்காலம் ஓர் எக்செல் தாளை மேலாளருக்கு அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். அந்தக் கணக்கெல்லாம் என்னிடம் இருந்ததால் விருதுகளுக்கு விண்ணப்பம் எழுதும் வேலையும் என் தலையிலேயே விழுந்தது. ‘சிறந்த வாடிக்கையாளர் சேவை’ என்று ஒரு வருடம் எங்களுக்கு விருது கிடைத்தபோது, அந்த விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியும் நான் எழுதியதாக இருந்தது. அதில் ஒரு பொய்கூட இல்லை. ஆனால் அந்த வருடம் எங்கள் வாடிக்கையாளர்கள் மனநிறைவோடு இருந்தார்களா என்று யாராவது கேட்டால், இருந்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

விருது எப்படி வருகிறது என்று வெளியில் பலருக்குத் தெரியாது. யாரோ ஒரு குழு ஊர் ஊராக விசாரித்து நல்ல நிறுவனத்தைத் தேடிப்பிடிக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு வந்தது ஒரு மின்னஞ்சல். இன்னின்ன பிரிவுகள், இந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஒரு பிரிவுக்கு இவ்வளவு கட்டணம், விழாவில் ஒரு மேசை வேண்டுமானால் அதற்கு இவ்வளவு. விண்ணப்பிக்காத நிறுவனம் போட்டியிலேயே இல்லை. தெருவுக்குத் தெரு கேபிள் இழுத்து, நூறு இருநூறு வீடுகளுக்கு நல்ல முறையில் இணைப்பு கொடுத்துவரும் சின்ன ஆபரேட்டருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் போகாது. போனாலும் அந்தக் கட்டணத்தைக் கட்ட அவருக்கு மனம் வராது. நடுவர்களாக இருந்தவர்கள் துறையில் பெயர் பெற்றவர்கள். அவர்கள் நேர்மையில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அவர்கள் முன்னால் இருந்தது நான் அனுப்பிய படிவம், அவ்வளவுதான். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவரையாவது போனில் கூப்பிட்டுக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

படிவத்தில் முதலில் கேட்டது, சேவை எத்தனை சதவீத நேரம் தடையில்லாமல் இருந்தது என்பது. 99.9 என்று எழுதினேன். வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம்தான் தடை என்று அதற்கு அர்த்தம். நெட்வொர்க் பிரிவு கொடுத்த எண் அது, சரியான எண்ணும்கூட. ஆனால் அது எங்கள் டேட்டா சென்டரிலும் பகுதி அலுவலகங்களிலும் உள்ள பெரிய கருவிகள் இயங்கிய நேரம். அங்கிருந்து கிளம்பும் ஃபைபர் தெருமுனைப் பெட்டியில் ஸ்ப்ளிட்டர் வழியாக முப்பத்திரண்டு வீடுகளுக்கோ அறுபத்துநான்கு வீடுகளுக்கோ பிரிகிறது. பிரிந்த பிறகு மின்கம்பத்திலும் மரக்கிளையிலும் மாடிச் சுவரிலும் தொங்கிக்கொண்டு வீட்டுக்குள் போகிறது. அறுவதெல்லாம் அந்தக் கடைசி அரைக் கிலோமீட்டரில்தான். மழைநீர் வடிகாலுக்கு ஜேசிபி தோண்டினால் அறுகிறது, காற்றில் கிளை முறிந்தால் அறுகிறது, லாரி உயரமாகச் சுமை ஏற்றிக்கொண்டு போனால் அறுகிறது. அப்படி அறுந்து கிடந்த நேரம் அந்த 99.9இல் சேராது. அதற்கென்று படிவத்தில் கட்டமும் இல்லை.

அடுத்தது, புகார் தீர எடுத்துக்கொண்ட நேரம். இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் அதிகம் வேதனைப்பட்டது இதில்தான்.

பிராட்பேண்ட் சேவைத் தரத்துக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006ஆம் ஆண்டே விதிமுறை போட்டது. பழுதுகளில் 90 சதவீதத்துக்கு மேல் அடுத்த வேலை நாளுக்குள் சரியாக வேண்டும், 99 சதவீதம் மூன்று வேலை நாளுக்குள் சரியாக வேண்டும் என்பது அதில் இருந்த ஒரு வரையறை. நல்ல நோக்கத்தோடு வைத்த வரையறை. நிறுவனத்துக்குள் அது இலக்காக மாறுகிறது. அந்த இலக்கு மேலாளர், மேற்பார்வையாளர் என்று இறங்கி, கடைசியில் பைக்கில் ஏணியைக் கட்டிக்கொண்டு வரும் லைன்மேன் தலையில் உட்காருகிறது. அவருக்குச் சம்பளம் கொடுப்பது ஒப்பந்தக்காரர். நேரத்துக்குள் புகார் டிக்கெட் க்ளோஸ் ஆகாவிட்டால் பிடித்தம். இஷ்டத்துக்கு க்ளோஸ் செய்துவிடக் கூடாது என்று வாடிக்கையாளரின் கைபேசிக்கு ஓர் ஓடிபி போகும்படி செய்திருந்தோம். அந்த எண்ணை வாங்கிப் போட்டால்தான் புகார் மூடும்.

ஒருநாள் களத்தைப் பார்த்துவரச் சொல்லி என்னையும் லைன்மேனோடு அனுப்பினார்கள். மடிப்பாக்கம் பக்கம் ஒரு வீடு. ஓய்வுபெற்ற பெரியவர், மகள் குடும்பம் வெளிநாட்டில். ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில், சிக்னல் வரவில்லை என்பதற்கான சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. வெளியே போய்ப் பார்த்தால் மூன்று கம்பம் தள்ளி ஃபைபர் நசுங்கியிருக்கிறது. அதை வெட்டி ஒட்ட ஸ்ப்ளைசிங் மெஷின் வேண்டும். அந்தப் பகுதிக்கே ஒரு மெஷின்தான், அது அப்போது வேளச்சேரியில் இருந்தது. மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. லைன்மேன் பெரியவரிடம் மெதுவாகச் சொன்னார்: “ஐயா, ஓடிபி வந்திருக்கும், அதக் கொஞ்சம் சொல்லிடுங்க. இன்னிக்குள்ள மூடலன்னா எனக்குக் காசு பிடிச்சுருவாங்க. காலைல மொத வேலையா வந்து போட்டுத் தர்றேன்.” பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கைபேசியைத் தள்ளிப் பிடித்து, ஒவ்வோர் எண்ணாகப் படித்தார். “உனக்கு எதுக்குப்பா நஷ்டம்” என்றார். அந்த லைன்மேன் சொன்னபடி மறுநாள் காலை வந்து சரிசெய்துவிட்டார். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. மறுநாள் வேறு பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள், அல்லது மெஷின் கிடைக்காது. வாடிக்கையாளர் மறுபடி போன் செய்வார். மறுபடி ஒரு புதிய டாக்கெட் எண், அதாவது புகார் எண். கடிகாரம் பூஜ்ஜியத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். நான்கு நாள் இணையம் இல்லாத ஒரு வீடு, என் எக்செல் தாளில் ‘ஒரே நாளில் தீர்ந்த மூன்று புகார்கள்’ என்று பதிவாகும்.

அந்தப் பெரியவர் இரக்கப்பட்டுச் சொன்ன எண்தான் எங்கள் விண்ணப்பத்தில் சாதனையாகப் போனது. இதை மேலாளரிடம் சொன்னேன். அதே வீட்டிலிருந்து ஒரு வாரத்துக்குள் திரும்ப வரும் புகாரைத் தனியாகக் காட்டலாம் என்று ஒரு பத்தியைச் சேர்த்தும் கொடுத்தேன். படிவத்தில் கேட்காததை நாமாக ஏன் எழுத வேண்டும் என்று அந்தப் பத்தியை எடுக்கச் சொன்னார்.

வாடிக்கையாளர் கருத்துக்கணிப்பும் உண்டு. புகார் மூடியதும் ஒரு குறுஞ்செய்தி போகும், ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போடலாம். பெரும்பாலோர் கண்டுகொள்ள மாட்டார்கள். போடுகிறவர்களும், எதிரே நின்று “அஞ்சு போடுங்க சார்” என்று கேட்கும் லைன்மேனின் முகத்தைப் பார்த்துப் போடுவார்கள். அவர்கள் மதிப்பெண் கொடுத்தது வியர்வையோடு வந்து நின்ற மனிதருக்கு. நாங்கள் அதை நிறுவனத்தின் கணக்கில் வரவு வைத்தோம்.

இணைப்பைத் துண்டித்துக்கொண்டு போனவர்களிடம் நாங்கள் எதுவும் கேட்டதில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிற ஓர் அம்மா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். வில்லங்கச் சான்று, பட்டா, கரண்ட் பில், கல்லூரி விண்ணப்பம் என்று அவர் பிழைப்பே இணையத்தில்தான். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் காலையிலிருந்து இணைப்பு இல்லை. பிள்ளைகள் கடை வாசலில் நின்றுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். “ஒவ்வொரு தடவையும் நம்பர் குடுக்கறீங்களே மேடம், நெட்டு குடுங்க” என்றார். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. அந்த மாதமே எங்களை விட்டுப் போய்விட்டார். போனதால் எங்கள் திருப்திக் கணக்கிலிருந்தும் போய்விட்டார். மனம் நொந்தவர்கள் விலக விலக, மிச்சமிருப்பவர்களின் சராசரி மதிப்பெண் ஏறத்தான் செய்யும்.

எங்கள் நிறுவனம் மட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன். அளக்கும் முறையிலேயே கோளாறு இருந்தால் யார் அளந்தாலும் அப்படித்தான் வரும். 2017இல், ‘இந்தியாவின் மிக வேகமான நெட்வொர்க்’ என்று, இணைய வேகத்தைச் சோதிக்கும் நிறுவனமான ஊக்லாவின் அங்கீகாரத்தைக் காட்டி ஏர்டெல் விளம்பரம் செய்தது. ஜியோ விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலிடம் முறையிட்டது. இரண்டு சிம் உள்ள கைபேசியில் ஒரு சிம்மில் எடுத்த வேகம் இன்னொரு சிம்மின் கணக்கில் விழலாம் என்பது ஜியோவின் வாதங்களில் ஒன்று. ஊக்லா தன் கணக்கு சரியே என்று உறுதியாக நின்றது. கவுன்சில் அந்த விளம்பரத்தை விலக்கவோ திருத்தவோ சொன்னது. 2020இல், விருதுகளையும் தரவரிசைகளையும் விளம்பரத்தில் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கென்றே தனி நெறிமுறைகளையும் வெளியிட்டது. அப்படி ஒன்று தேவைப்பட்டதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. வேகச் சோதனையில் இன்னொன்றும் உண்டு. சோதனைக்கான சர்வரைப் பல நிறுவனங்கள் தங்கள் வலையமைப்புக்குள்ளேயே வைத்திருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து அதுவரைக்கும் உள்ள பாதை வேகமாக இருந்தால் எண் பெரிதாக வரும். இரவு எட்டு மணிக்கு நீங்கள் பார்க்கும் படம் வருகிற பாதை வேறு.

பிரிட்டனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு ஏக்கமாக இருக்கும். அங்கும் விருது விழாக்கள் நடக்கின்றன. ஆனால் மக்கள் தன்னிடம் கொண்டுவரும் புகார்களை, ஒரு லட்சம் வாடிக்கையாளருக்கு எத்தனை என்று நிறுவனத்தின் பெயரோடு காலாண்டுதோறும் அந்த ஆணையம் வெளியிடுகிறது. புகார் கொடுத்தவர் எண்ணப்படுகிறார். புகாரை மூடியவர் எண்ணுவதில்லை. 2019 ஏப்ரலில் தானியங்கி இழப்பீட்டுத் திட்டமும் வந்தது. அதில் சேர்ந்த நிறுவனங்கள், இரண்டு வேலை நாளுக்குள் பழுது தீராவிட்டால் நாளொன்றுக்கு 8 பவுண்டும், வருவதாகச் சொன்ன தொழில்நுட்ப ஆள் வராவிட்டால் 25 பவுண்டும் வாடிக்கையாளர் கேட்காமலே கொடுக்க வேண்டும் என்று அது தொடங்கியது. வாடிக்கையாளர் திருப்தியை அளக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. தாமதத்துக்குத் தன் பணம் போகும்போது எந்த நிறுவனமும் புகாரைப் பொய்யாக மூடிவைத்து லாபம் பார்க்க முடியாது.

விருதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மிக்ஜாம் புயலில் 2023 டிசம்பரில் பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் தண்ணீரில் நின்றபோது, இடுப்பளவு நீரில் இறங்கிப் போய்ப் பெட்டியைத் திறந்த ஆட்களை எனக்குத் தெரியும். அவர்களை மேடையேற்றி மாலை போட்டால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். பொறியாளர்கள் தங்களுக்குள் ஒருவர் வேலையை ஒருவர் மெச்சிக்கொள்வதும் நல்லதே. அந்தக் கோப்பையைக் காட்டி, வாடிக்கையாளர்கள் எங்களை மெச்சுகிறார்கள் என்று விளம்பரம் செய்வதைத்தான் நான் ஏற்கவில்லை. வாடிக்கையாளரைக் கேட்காமல் கொடுத்த விருது வாடிக்கையாளர் சார்பில் பேச முடியாது.

புதிய இணைப்பு எடுக்கப்போகிறீர்கள் என்றால், உங்கள் தெருவில், முடிந்தால் உங்கள் வீட்டுக் கம்பத்திலேயே, அந்த நிறுவனத்தின் வயர் போகும் வீடு எது என்று பார்த்து அங்கே போய்க் கேளுங்கள். கடைசியாக எப்போது அறுந்தது, வந்து பார்க்க எத்தனை நாளானது, ஞாயிற்றுக்கிழமை யாராவது வந்தார்களா என்று கேளுங்கள். இணைப்பு கொடுக்க வருகிற லைன்மேனிடம், அவர் ஒருவர் எத்தனை வீட்டைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். ஒளிக்காமல் சொல்லிவிடுவார்.

ஏற்கனவே இணைப்பு இருந்தால், பழுதான நாளிலிருந்து எல்லா டாக்கெட் எண்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூன்று வேலை நாளைத் தாண்டினால் 7 நாள் வாடகை, ஏழு நாளைத் தாண்டினால் 15 நாள் வாடகை, பதினைந்தைத் தாண்டினால் ஒரு மாத வாடகை என்று 2006 விதிமுறையிலேயே கழிவு இருந்தது. 2024இல் அதற்குப் பதிலாகப் புதிய விதிமுறை வந்திருக்கிறது. வாடகைக் கழிவு கேட்கத் தயங்காதீர்கள். கேட்காதவருக்கு யாரும் கழித்துத் தருவதில்லை. பதில் சரியில்லை என்றால் நிறுவனத்தில் மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும் என்று டிராயின் 2012 விதிமுறை சொல்கிறது. முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

விளக்கு பச்சையாக எரிவதை உங்கள் கண்ணால் பார்க்கும்வரை தயவுசெய்து ஓடிபியைச் சொல்லாதீர்கள். லைன்மேனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள், உன்மேல் கோபம் இல்லையப்பா என்று சொல்லுங்கள். எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். மேலே இருப்பவர்கள் பார்ப்பது அந்த ஒரு கணக்கைத்தான்.