கேஸ் மட்டும் அடிச்சு விடுங்க

சித்திரைக் கடைசியில் வீரபாண்டியைத் தாண்டுவது லேசான காரியமில்லை. கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்து வருகிறவர்களும், முல்லையாற்றில் முங்கிவிட்டு ஈரத்துணியோடு நடக்கிறவர்களுமாகச் சாலை நிரம்பிக் கிடந்தது. எங்கள் பழைய ஆம்னி வேன் முக்கால் மணி நேரம் ஊர்ந்தது. பின்னால் இரண்டு சிலிண்டர், வாக்குவம் பம்பு, ஏணி, அவற்றுக்கு நடுவே உடம்பைக் குறுக்கிக்கொண்டு உதவிக்கு வந்த பையன். வண்டி ஓட்டியவர் ஏ.சி. மெக்கானிக். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் படித்து, மதுரையில் ஆறு வருஷம் கை பழகி, தேனிக்குத் திரும்பியவர். பெயர் எழுத வேண்டாம் என்றார்; தம்பி என்றே வைத்துக்கொள்வோம். போட்டிக்காரர்கள் படித்துவிடுவார்களாம்.

அன்று காலை முதல் வேலை அல்லிநகரத்தில். ஒற்றை ஏ.சி., குளிரவில்லை. முன்மூடியைத் தூக்கினால் ஃபில்டரில் தூசி கம்பளிபோல அப்பியிருந்தது. கழற்றிக் குழாயடியில் காட்டினார், மாட்டினார், பத்து நிமிஷத்தில் அறை குளிர்ந்தது. 300 ரூபாய் கேட்டார். "இதைக் கழுவுறதுக்கா?" என்றார் வீட்டுக்காரர். கேஸ் போட்டேன் என்று சொல்லியிருந்தால் 2,500 ரூபாயைப் பேசாமல் எடுத்துக் கொடுத்திருப்பார். வேனில் ஏறியதும் தம்பி சொன்னது: "எங்க தொழில்ல பார்க்குறதுக்குக் காசு கிடையாதுண்ணே. ஊத்துறதுக்குத்தான் காசு."

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் மட்டுமில்லை, எந்த ஊரிலும் ஏ.சி. குளிரவில்லையென்றால் ஜனங்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: கேஸ் தீர்ந்துபோச்சு. ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அது எரிந்து தீரும் பொருளில்லை. மூடிய செம்புக்குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. அறைக்குள் ஆவியாகும்போது சூட்டை வாங்கிக்கொள்கிறது, வெளியே திரவமாகும்போது அதை இறக்கி வைக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் பாதி இதே சங்கதி; பானையில் ஆவி போனது போனதுதான், ஏ.சி.யில் அதைப் பிடித்துத் திரும்ப அனுப்ப ஒரு கம்ப்ரசர் இருக்கிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் கேஸ் அடிப்பது, ஓட்டைக் குடத்தைக் கிணற்றடிக்கும் வீட்டுக்குமாகத் தூக்கி நடக்கிற வேலை.

அடுத்த வேலை கம்பத்தில். வீடு ஓர் ஏலக்காய் வியாபாரியுடையது. கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேட்டுப் பக்கம் போய் வாங்கி வருகிறவர். போடி ஏலமும் அவருக்குப் பழக்கம். வீட்டில் மூன்று அறைக்கு மூன்று இண்டோர், மொட்டைமாடியில் எல்லாவற்றுக்குமாக ஒரே அவுட்டோர். இதை மல்டி என்கிறார்கள். வெளிச்சுவரில் மூன்று பெட்டி தொங்காமல் ஒன்றோடு போய்விடுகிறது என்று புதுவீடு கட்டுகிறவர்கள் ஆசைப்பட்டுப் போடுகிறார்கள். அந்த ஒன்று மக்கர் செய்தால் மூன்று அறையும் படுத்துவிடும் என்பது பிறகுதான் தெரியவருகிறது.

"மூணு தடவை கேஸ் அடிச்சாச்சு தம்பி. இன்னும் ஒரு தடவை நல்லா அடிச்சு விட்ருங்க" என்றார் அண்ணாச்சி.

தம்பி கேஜை வெளியே எடுக்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். எந்த அறை? எந்நேரம்? மூன்றும் ஓடும்போதா, ஒன்று மட்டும் ஓடும்போதா? மாட்டின நாளிலிருந்தேவா, நடுவிலா? அண்ணாச்சிக்கு எதற்கும் சரியாகப் பதில் தெரியவில்லை. பகலெல்லாம் கடை. பதில் கட்டிலில் இருந்து வந்தது, அவருடைய அப்பத்தாவிடமிருந்து.

"எல்லாத்தையும் போட்டா குளுருதுய்யா. ராத்திரி நான் ஒருத்தி மட்டும் போட்டா வெறுங்காத்துதான். ஆனா காலையில பார்த்தா இவன் ரூம்புல தண்ணி சொட்டிக் கெடக்கு. இவன் ஊர்லயே இல்ல, ரூம்பு பூட்டிக் கெடக்கு!"

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரியாது.

மாடியில் அவுட்டோரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் மேலிருந்து கீழாக ஏ, பி, சி என்று மூன்று ஜோடிக் குழாய்கள். ஒவ்வொரு ஜோடியும் ஓர் அறைக்கு. கூடவே ஒவ்வோர் அறையிலிருந்தும் ஓர் ஒயர் வருகிறது. அறைக்காரர் ரிமோட்டை அமுக்கினால் சேதி ஒயர் வழியாக வரும்; அந்த அறைக்கான வால்வு திறந்து கேஸ் போகும். மூன்றையும் நிறுத்தச் சொன்னார். கால் மணி நேரம் காத்திருந்தோம். பிறகு கீழே குரல் கொடுத்து அப்பத்தா அறையை மட்டும் போடச் சொன்னார். அது ஏ. கம்ப்ரசர் முனகிக்கொண்டு கிளம்பியது. ஏ ஜோடியின் நட்டில் விரல் வைத்தார். என் விரலையும் பிடித்து வைத்தார். வெயில் சூடு, அவ்வளவுதான். விரலைக் கீழே நகர்த்தி பி ஜோடிக்குக் கொண்டுபோனார். சில்லென்றிருந்தது. பித்தளை நட்டின் மேல் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முத்துமுத்தாக வியர்த்தது; ஐந்தாறு நிமிஷத்தில் மெல்லிய குழாயில் வெண்பனி படர்ந்தது.

அண்ணாச்சிக்குப் புரியவைக்க அவர் சொன்ன உவமையை நான் எங்கேயும் படித்ததில்லை. "உங்க வயலுக்குத் தண்ணி கேட்டு நீங்க சொல்றீங்க. மடைக்காரர் பக்கத்து வயல் மடையைத் திறந்து விடுறார். உங்களுது காயுது, அது வழியுது." லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நிலம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளைகிற பூமி. இங்கே மடை என்று சொன்னால் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பி ஜோடி போகும் பூட்டிய அறையில் ஃபேன் ஓடாமலே காயிலில் ஐஸ் கட்டி, உருகி, சுவரில் வழிந்திருக்கிறது. இரண்டு அறையும் ஓடினால் இரண்டு மடையும் திறக்கும், குறை வெளியே தெரியாது. இரண்டு வருஷம் முன்பு சுவரில் இருந்த அவுட்டோரை மாடிக்கு மாற்றியபோது கழற்றி மாட்டியவர் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டார். குழாய் சரி, ஒயர் இடம் மாறிவிட்டது. மெயினை அணைத்து, போர்டில் தேங்கிய மின்சாரம் இறங்கப் பத்து நிமிஷம் விட்டு, இரண்டு ஒயர்களையும் ஒன்றின் இடத்தில் ஒன்றாக முடுக்கினார். ஸ்குரூ டிரைவர் வேலை; சில்லறைக் காசுக்குக்கூட சாமான் செலவில்லை.

ஆனால் மூன்று தடவை அடித்த கேஸ் உள்ளே கிடக்கிறதே. இதில் இருந்தது ஆர்-32. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் தேவைக்குத் தக்கபடி வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், ஆகவே பிரஷரைப் பார்த்துக் கேஸ் அளப்பது குத்துமதிப்புதான். நிறுத்துப் போடுவதே முறை. காற்றில் திறந்துவிட்டு மறுபடி நிரப்புவது சுலபம், பலரும் செய்வது அதுதான். ஆனால் இது கரியமில வாயுவைவிட 675 மடங்கு சூடு பிடித்து வைக்கும் சரக்கு, போதாக்குறைக்கு லேசாகத் தீப்பிடிக்கும். தம்பி மதுரையில் செகண்ட் ஹாண்டாக வாங்கிய ரெக்கவரி மெஷினால் சிலிண்டருக்குள் இழுத்துத் தராசில் வைத்தார். 2 கிலோ 350. பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் சொன்னது 1 கிலோ 800. ஏலக்காயைக் கிராம் கணக்கில் நிறுத்து வாங்கும் அண்ணாச்சி, கேஸை மூன்று தடவையும் நிறுக்காமலே வாங்கியிருக்கிறார். அவரே அதைச் சொல்லித் தலையில் தட்டிக்கொண்டார்.

வாக்குவம் முக்கால் மணி நேரம் ஓடியது. குழாய்க்குள் காற்றும் ஈரமும் தங்கிவிட்டால் பிறகு எத்தனை நிறுத்துப் போட்டும் பிரயோசனமில்லை. அப்பத்தா பன்னீர் திராட்சை கொடுத்தனுப்பினார். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். எங்களுக்கு அந்த வெயிலில் அது வெறும் தண்ணீராகத்தான் இறங்கியது. கைப்பிடிச்சுவர் தொடமுடியாமல் கொதித்தது. உதவிக்கு வந்த பையன் சாக்கை நனைத்துப் போட்டு அதன்மேல் நின்றான்.

அப்போதுதான் தகரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அவுட்டோரைச் சுற்றி மூன்று பக்கமும் மேலேயும் தகரம் அடித்திருந்தார் அண்ணாச்சி. காரணம் ஆடிக்காற்று. மலைக்கணவாய் வழியாக இறங்கி ஆண்டிபட்டி, கண்டமனூர்க் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்று, இந்த மாடியில் அவுட்டோர் ஃபேனை எதிர்த்திசையில் சுற்றிவிட்டதாம். பயந்துபோய் அடைத்துவிட்டார். நியாயமான பயம். ஆனால் ஆடிக்கு அடித்த தகரம் சித்திரையிலும் நிற்கிறது. மாடி நிழலில் 38 டிகிரி, தகரத்துக்குள் 49. துப்பிய சூட்டையே அவுட்டோர் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. பையன் மூன்று தகரத்தை உருவினான். மேற்குப்பக்கத் தகரத்தை மட்டும் நான்கடி தள்ளி நிறுத்தி, காற்றுக்குத் தடுப்பாக விட்டார்கள்.

சாயங்காலம் அப்பத்தா அறையை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தோம். ரிமோட்டில் 16. கடையில் வாங்கும்போதே 24-இல் இருக்கவேண்டுமென்று 2020 ஜனவரியிலிருந்து விதி வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த அன்றே அதைப் பதினாறுக்கு இறக்காதவர் யாரையும் நான் பார்த்ததில்லை. இண்டோருக்குள் போகும் காற்று 30, வெளியே வரும் காற்று 18. தம்பிக்கு அது போதும். கால் மணி நேரத்தில் அப்பத்தா போர்வையை இழுத்துக்கொண்டு, "கொஞ்சம் கொறைய்யா" என்றார்.

அண்ணாச்சி பர்ஸை எடுத்தார். "கேஸ் எவ்வளவு தம்பி போட்டீங்க?"

"போடலைண்ணே. அரைக் கிலோவுக்கு மேல எடுத்திருக்கேன்."

"எடுத்ததுக்குமா காசு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கொடுத்தது கேட்டதில் நூறு குறைவு. கூட ஒரு பொட்டலம் ஏலக்காய். பச்சை மாறாத நல்ல தடித்த காய்.

அனுமந்தன்பட்டி தாண்டும்போது போன் அடித்தது. உத்தமபாளையத்திலிருந்து யாரோ. ஸ்பீக்கரில் போட்டார். "தம்பி, வர்ற வழியில ஒரு எட்டு வந்து கேஸ் மட்டும் அடிச்சு விட்டுப் போங்க."

"வர்றேண்ணே" என்றார் தம்பி, கியரை மாற்றிக்கொண்டே. "ராத்திரி குளுருதா, பகல்லயும் குளுரலையா? வீட்ல கூட யாரு இருக்கா? அவங்ககிட்ட கொஞ்சம் குடுங்க."