குடத்துல விழுந்த விரிசல்

அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணியில முக்கினா இறுகும். பித்தளையைக் காய்ச்சி முக்கினாலும் இளகித்தான் கிடக்கும். கொல்லரும் கன்னாரும் நெருப்பை வச்சு நேர் எதிரான வேலை செய்யறவங்க. பித்தளையைத் தட்டத் தட்ட விறைச்சுக்கும். அதுக்கும் மேல தட்டினா கிழியும். அதனால நடுநடுவே காய்ச்சி, உள்ளே ஏறின இறுக்கத்தை இறக்கிட்டுத்தான் மறுபடி சுத்தியலை எடுப்பாங்க.

துப்பாக்கித் தோட்டா உறையும் அப்படித்தான். நூத்துக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வட்டத் தகட்டைக் கிண்ணமாக்கி, கிண்ணத்தைக் குழாயா இழுப்பாங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவுல ஒரு காய்ச்சல். கடைசியில குண்டைப் பிடிக்கிற கழுத்தை மட்டும் சுடுவாங்க. அடிப்பாகத்துல சூடு ஏறவே கூடாது, இளகிட்டா வெடிக்கிற வேகத்தைத் தாங்காது. சுட்ட உறையில மறுபடி மருந்து நிரப்புற வெளிநாட்டுக்காரங்களும் இந்தக் கழுத்துக் காய்ச்சலை விடறதில்ல.

இதுல நம்ம நாட்டுக் கதை ஒண்ணு இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல, மழைக்காலத்துக்குக் குதிரை லாயத்துல அடுக்கி வச்ச தோட்டாக்கள் சுடாமலே விரிசல் விட்டுச்சு. மழை சீசன்ல வந்ததால 'சீசன் கிராக்கிங்'னு பேர் வச்சாங்க. குதிரை மூத்திரத்துல கிளம்புற அம்மோனியாதான் காரணம்னு 1921-ல விளங்குச்சு. ஈரம், அம்மோனியா, உலோகத்துக்குள்ள அடைஞ்ச இறுக்கம், மூணும் கூடினாத்தான் பிளக்கும். பதமா காய்ச்சி இறுக்கத்தை எடுத்துட்டா பயமில்ல. (நீங்க வீட்டுல அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற மருந்து வச்சிருந்தா, பித்தளைச் சாமான்கிட்ட கொண்டு போகாதீங்க.)

இதைப் படிச்சதும் எங்க ஆயாவோட பித்தளைக் குடம் ஞாபகம் வந்துச்சு. சின்ன வீடு, இடம் பத்தாது. ஒரு ஐப்பசி மழைக்கு மாட்டுக் கொட்டாய்ல பலகை மேல கவுத்து வச்சிருந்தாங்க. மழை விட்டு எடுத்தா வாய்லேர்ந்து கழுத்து வரைக்கும் விரிசல். "மருமவ கீழ போட்டு உடைச்சுட்டா"ன்னு ஆயா சொன்னது, அவங்க சாகற வரைக்கும் மாறல. அம்மா ஒரு தடவை "நான் தொடவே இல்ல"ன்னாங்க, அப்புறம் வாயைத் திறக்கல.

போன வாரம் பரண்லேர்ந்து அதை இறக்கினேன். கீழ விழுந்த குடம்னா எங்கயாவது நசுங்கியிருக்கணும். ஒரு நசுங்கல் கிடையாது. விளிம்பை மடிச்ச இடத்துல ஆரம்பிச்சு, கத்தியால கீறின மாதிரி ஓடுது. இறுக்கம் அதிகமா நிக்கிற இடமே அந்த மடிப்புதான். சோதனைச்சாலைக்கு அனுப்பி முத்திரை வாங்கல, ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல.

அம்மாகிட்ட சொன்னேன். விரிசலை விரலால தடவிப் பார்த்தாங்க.

"மாட்டு மூத்திரமா?"

"ஆமாம்மா."

"கெழவி இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதாடா," ன்னு சிரிச்சாங்க. எடைக்குப் போட்டுடலாமான்னு கேட்டேன். வேணாம்னுட்டு, புளியும் சாம்பலும் எடுத்துக்கிட்டுத் தேய்க்க உட்கார்ந்துட்டாங்க.