நாலு முழக் கயிறும் நூறு வருஷ வரலாறும்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா. கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நிறைய வந்தாச்சு" என்றான் மலர்க்குழு நண்பன். சரி, எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். நான் படித்த பள்ளியின் சாரணர் படையைப் பற்றி.

நண்பர்களே, சாரணர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது கழுத்தில் கட்டிய ஸ்கார்ஃபும், விசிலும், சுதந்திர தினக் கொடியேற்றமும்தான். "அதெல்லாம் சின்னப் பசங்க விளையாட்டு" என்று ஹாஸ்டலில் என்னையும் ஓட்டியிருக்கிறார்கள். அந்த விளையாட்டுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது!

1899-1900இல் தென்னாப்பிரிக்காவின் மஃபெகிங் நகரம் 217 நாட்கள் முற்றுகையில் கிடந்தது. பெரியவர்கள் சண்டையில் நிற்க, சிறுவர்கள் செய்தி கொண்டுபோனார்கள். பொறுப்பைக் கொடுத்தால் பையன்கள் பொறுப்பாக நடப்பார்கள் என்பதை அங்கே கண்டுகொண்டார் தளபதி பேடன் பவல். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 பையன்களை வைத்து முகாம் போட்டார். பணக்கார வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ஒன்றாகத் தங்கினார்கள். நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனையே தலைவனாக்கினார். இன்றுவரை உலகம் முழுக்க அதே முறைதான்.

இந்தியாவில் 1909இல் பெங்களூரில் கேப்டன் பேக்கர் முதல் படையைத் தொடங்கினார். ஆனால் அது வெள்ளைக்காரர், ஆங்கிலோ-இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும். நம்ம பையன்களுக்கு இடமில்லை. இதற்குப் பதில் சொன்ன ஊர்களில் ஒன்று நம் சென்னை என்பதில் எனக்குப் பெருமை. 1916இல் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் (நடனக் கலைஞர் ருக்மிணி தேவியின் கணவர்) இந்தியப் பிள்ளைகளுக்காகத் தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார்கள். வடக்கே அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா போன்றோர் முயற்சியில் இன்னொன்று வளர்ந்தது. 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் பெரிய சங்கத்தோடு இணைந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7 அன்று, பிரிந்து கிடந்த சங்கங்கள் சேர்ந்து 'பாரத சாரணர் இயக்கம்' பிறந்தது. அடுத்த ஆண்டே சாரணியர் சங்கமும் இணைந்தது.

இது புத்தக வரலாறு. எங்கள் படையின் வரலாறு ஒரு தகர டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு கொடி, ஓரம் கிழிந்த கூடாரம், சணல் கயிறுகள், ஒரு திசைகாட்டி, தடிமனான ஒரு பதிவேடு. அந்தப் பதிவேட்டில் மை பேனா கையெழுத்து முதல் பால்பாயிண்ட் வரை எல்லாம் உண்டு. எங்க ஊர்த் தேர்த் திருவிழாவில் தண்ணீர் கொடுத்தது, தொலைந்த குழந்தையை மைக்கில் சொல்லி அம்மாவிடம் சேர்த்தது, போலியோ சொட்டு மருந்து முகாமில் வரிசையை ஒழுங்குபடுத்தியது என்று ஒவ்வொரு பக்கமும் ஒரு நாள். எங்க சித்தப்பா பெயரும் ஒரு பக்கத்தில் இருக்கிறது. அவர் அணித்தலைவராம்! வீட்டில் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

அங்கே கற்றது இங்கே எனக்கு உதவியது. மரத்தின் உயரத்தை ஏறாமலே அளக்க எங்க சார் சொல்லிக் கொடுத்தார். 150 செ.மீ. உயரமுள்ள ஒருவனை மரத்தடியில் நிறுத்து. தள்ளி நின்று, கையை நீட்டிக் குச்சியைப் பிடித்து, அவன் உயரத்தைக் குச்சியில் குறி. அந்த அளவு மரத்தில் எத்தனை தடவை வருகிறது என்று பார். ஆறு தடவை என்றால் 9 மீட்டர். சர்வே பிராக்டிகலில் கருவியைத் தொட்ட முதல் நாளே எனக்குப் பயம் இல்லாததற்கு இதுதான் காரணம். கட்டட வேலையில் சவுக்குக் கட்டையில் சாரம் கட்டுகிறவர் கயிற்றைச் சுற்றி இறுக்கும் விதத்தைப் பாருங்கள். முகாமில் நாங்கள் கம்புகளைக் கட்டிய அதே வித்தை!

எங்க சார் ஓய்வு பெற்றதும் பொறுப்பேற்க ஆளில்லை. பெட்டி ஸ்டோர் ரூமுக்குப் போனது. இரண்டு வருஷம் படை கூடவே இல்லை. பழைய சாரணர்கள் மூன்று பேர் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிச் சனிக்கிழமைதோறும் போக ஆரம்பித்தோம். ஒருத்தர் லேத் பட்டறையில் வேலை, இன்னொருத்தர் பி.காம். முதல் வாரம் ஐந்து பையன்கள். இப்போது பதினான்கு பேர். கணக்கு டீச்சர் ஒருவர், "ஜூன் மாசமும் இந்தப் பசங்க வந்தா நானே சாரணர் பயிற்சிக்குப் போறேன்" என்று சொல்லியிருக்கிறார். ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்றால்தான் படை நிலைக்கும். ஆனால் மே மாதத்தோடு நான் டிப்ளமோ முடித்து வேலை தேடிப் போய்விடுவேன். பட்டறை நண்பருக்கும் ஞாயிறு மட்டும்தான் லீவு என்று மாறப் போகிறதாம். இந்த இரண்டு மாதத்தில் பையன்களே தங்களை நடத்திக்கொள்ளக் கற்றுக்கொண்டால் படை பிழைக்கும். அதனால் இப்போது முடிச்சுகளை நான் சொல்லிக் கொடுப்பதில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஆறாம் வகுப்புப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். நான் சும்மா பக்கத்தில் நிற்கிறேன். அதுதான் கஷ்டமான வேலை!

நண்பர்களே, நீங்கள் படித்த பள்ளியிலும் இப்படி ஒரு பெட்டி பூட்டிக் கிடக்கலாம். லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு எட்டு போய்ப் பாருங்கள். சாரணராக இருந்திராவிட்டாலும் பரவாயில்லை. மோட்டார் ரிப்பேரோ, ஒயரிங்கோ, நமக்குத் தெரிந்த ஒரு தொழிலைச் சொல்லிக் கொடுத்தாலே போதும். இன்னொரு விஷயம், 25 வயது வரை நாமும் ரோவராகச் சேரலாம். நமது கல்லூரியில் ஒரு ரோவர் குழு தொடங்க விருப்பமுள்ள இரண்டாம் ஆண்டு நண்பர்கள், தேர்வுக்கு முன்னால் சிவில் டிராயிங் ஹாலில் என்னை வந்து பாருங்கள். கயிறு நான் கொண்டுவருகிறேன்.

– மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்