படகு போகாத நாள்

கொக்கிலமேட்டுக்காரன், என் பழைய மாணவன், நேற்று செங்கல்பட்டு வீட்டுக்கு வந்தான். குப்பத்து மீன்வரவுக் கணக்குக்குப் பைத்தானில் ஒரு நிரல் எழுதியிருக்கிறான். மொத்த எடையைப் படகு எண்ணிக்கையால் வகுத்தால் அன்றைய சராசரி. புயல் எச்சரிக்கை நாளில் ஒரு படகும் இறங்கவில்லை. ‘ஸீரோ டிவிஷன் எர்ரர்’ என்று நிரல் நின்றுவிட்டது.

"பிழை வந்தா பூஜ்ஜியம்னு போட்டுட்டேன் சார்" என்றான்.

அங்கேதான் எனக்கு இடித்தது. கடலுக்குப் போய் வெறும் வலையோடு திரும்பினால்தான் சராசரி பூஜ்ஜியம். போகாத நாளுக்குச் சராசரியே கிடையாது. பூஜ்ஜியம் போட்டால் மாதச் சராசரி இறங்கும். கடலில் மீனே குறைந்துவிட்டது என்று பார்ப்பவர் நினைப்பார். வகுக்கும் முன்பே படகு எண்ணிக்கையைப் பார், பூஜ்ஜியமானால் ‘செல்லவில்லை’ என்று எழுது என்றேன்.

1997இல் அமெரிக்கப் போர்க்கப்பல் யார்க்டவுன் வர்ஜீனியா கடலில் செயலற்று நின்றதும் இதே வகுத்தலால்தான். பிரம்மகுப்தரே 628இல் பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் பூஜ்ஜியம் என்றவர். பையனை மட்டும் குறை சொல்வானேன்?

"வகுக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்று காரணம் சொல்லாமல் கடந்த வாத்தியார் நான். அதை அவனிடம் ஒப்புக்கொண்டேன்.

சிரித்தான். "தெரியும் சார். ஏன்னு நான்தான் கேட்டேன். உட்காருன்னுட்டீங்க."