புதுமுகம் ஆடலாமா?

ஜூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியன் ஆதலின் இலக்கியம் பற்றியே எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். இலக்கியம் பற்றி எழுத என்னினும் தக்கார் இம்மலரில் பலர் உளர். நான் எழுதப் புகுவது கூடைப்பந்தைப் பற்றி. சில ஆண்டுகளாக நமது கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பொறுப்பாசிரியன் என்னும் கடமை என் தோள்மீது கிடக்கிறது. அது வந்து சேர்ந்த கதை நீண்டது. அன்றைய ஆசிரியர் கூட்டத்திற்கு நான் சற்றுப் பிந்திச் சென்றேன் என்பதே அதன் சுருக்கம்.

பயிற்சி அளிப்பவர் உடற்கல்வி ஆசிரியர். நான் பந்தை எண்ணிப் பெட்டியில் வைப்பவன், கடிதம் எழுதுபவன், பிள்ளைகளைப் பஸ் ஏற்றி அனுப்புபவன். எனினும் அணிப் பட்டியலில் என் கையொப்பமும் வேண்டும். அக்கையொப்பத்தை இடுமுன் சென்ற ஆண்டு இரண்டு வாரம் நான் தயங்கினேன். உயர்தர வகுப்பில் சேர்ந்து நான்கு மாதமே ஆன ஒரு பையனை, அணியிலே பந்தை நடத்திச் செல்லும் இடத்தில் நிறுத்தலாமா என்பதே அப்போது எழுந்த வினா.

பையன் பசறைக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவன். நமது ஊவாவிலே பல தோட்டப் பாடசாலைகளில் உயர்தர வகுப்பு இல்லை என்பது வாசகர் அறிந்ததே. சாதாரண தரத்தோடு அங்கே கதவு அடைபடும். மேற்படிப்பு வேண்டுவோர் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ வரவேண்டும். அப்படி வந்தவன் அவன். அவனுடைய தோட்டத்தில் கூடைப்பந்துத் திடல் கிடையாது. தோட்டங்களில் ஆடப்பெறுவது பெரும்பாலும் கரப்பந்து. 1916ஆம் ஆண்டில் கொழும்பு ஒய்.எம்.சி.ஏ. வழியாக இத்தீவுக்குள் நுழைந்து, 1991இல் தேசிய விளையாட்டாகவே அறிவிக்கப்பட்ட ஆட்டம் அது. இரண்டு கம்பும் ஒரு கயிறும் இருந்தால் லயத்து முற்றத்திலும் ஆடலாம். கூடைப்பந்துக்கோ சமதளம் வேண்டும். மலையிலே சமதளம் என்பது தேயிலைக்கு உரியதாகிவிட்டது, அல்லது கோயிலுக்கு.

அந்தக் கோயில் முற்றத்தருகே, பதுளையில் படித்துத் திரும்பிய ஓர் இளைஞர் சவுக்கு மரமொன்றில் மிதிவண்டிச் சக்கரத்தின் வளையத்தை அறைந்து வைத்தாராம். அதுதான் இவனுக்குப் பள்ளிக்கூடம். இவ்விளையாட்டைத் தோற்றுவித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பாரும், 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், பீச்சுப்பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அறைந்தே ஆட்டத்தைத் தொடங்கினார். அந்த வகையில் சவுக்கு மரத்து வளையத்தை இகழ எவருக்கும் உரிமையில்லை. கல்லும் வேரும் நிறைந்த சரிவிலே பந்தைத் தட்டிப் பழகியவனுக்குச் சீமெந்துத் தரை பஞ்சணையாகத் தோன்றியிருக்க வேண்டும். பந்து அவன் கையில் ஒட்டிக் கிடந்தது. உயரம் குறைவு; உடலும் மெலிவு. ஆனால் கண்ணைப் பந்தின்மேல் வையாமலே தட்டிக்கொண்டு ஓடுவான்.

இவ்வாட்டத்தை அறியாத வாசகர்க்காக ஒரு சொல். நெய்ஸ்மித் வகுத்த பதின்மூன்று விதிகளின்படி பந்தை ஏந்தி ஓடுதல் ஆகாது. பிடித்த இடத்தில் நின்றே எறிதல் வேண்டும். தட்டிக்கொண்டு செல்லும் வழக்கம் பின்னர் வளர்ந்தது. அது வளரவே, பந்தைத் தன் பாதியிலிருந்து எதிர்ப் பாதிக்குக் கொண்டுசென்று, எவர் எங்கே நிற்பது, எவருக்குப் பந்து போவது என்று தீர்மானிக்கும் ஒருவனும் தோன்றினான். அவனைப் ‘பொயின்ட் கார்ட்’ என்பர். ‘நடத்துநன்’ என்று நான் தமிழ்ப்படுத்திப் பார்த்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பஸ்ஸிலே சீட்டுக் கொடுப்பவரும் நடத்துநர்தாமே! சிரித்தாலும் பொருத்தம் கெடவில்லை. ‘முன்னுக்குப் போங்க’ என்று கூவி இடம் பிரித்து நிறுத்துபவர் இருவரும்.

அந்த நடத்துநனுக்கு விதி தருகின்ற அவகாசம் எட்டு விநாடி. 2000ஆம் ஆண்டுக்கு முன் பத்தாக இருந்தது; அதையும் குறைத்துவிட்டார்கள். எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். இருபத்து நான்கு விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். இதற்குள் நால்வரை அவன் ஆள வேண்டும்.

உடற்கல்வி ஆசிரியர் வேண்டாம் என்றார். அவர் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. “பையனுக்குக் கை இருக்கிறது, ஐயா. ஆனால் பத்தொன்பது வயதுப் பையன்கள் மோதும்போது தாங்கமாட்டான். ஊர் கூடி நின்று கூச்சலிடும். இவன் சனத்தின் முன் ஆடியதில்லை. ஒருமுறை குலைந்தால் பிறகு திடலுக்கே வரமாட்டான். ஓர் ஆண்டு பொறுக்கட்டும்.”

அமெரிக்கக் கல்லூரிகளும் நெடுங்காலம் இவ்வாறே எண்ணின. முதலாண்டு மாணவரைப் பெரிய அணியில் ஆட அங்கே பொதுவாக விடுவதில்லை. அவர்க்கெனத் தனி அணி இருந்தது. 1965 நவம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் பிரிவில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. இரண்டு ஆண்டுகளாக நாட்டின் வாகையர்களாக விளங்கிய அதன் பெரிய அணியை, அதே பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் அணி 75க்கு 60 என்று வென்றுவிட்டது. அவ்வணியின் நெடியோன் லூ அல்சின்டர். பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜபார் என உலகம் அறிந்தவர். பெரிய அணியை வென்றும் அவ்வாண்டு அவருக்குப் பெரிய அணியில் இடமில்லை. விதி 1972இல்தான் மாறியது. அல்சின்டர் பொறுத்தார், பொறுத்தபின் 1967, 68, 69 என மூன்று ஆண்டும் வாகை சூடினார்.

இதை நான் ஆசிரியர் அறையில் சொன்னபோது, “பார்த்தீர்களா, பொறுத்தவர் கெடவில்லையே!” என்றார் நண்பர். உண்மைதான். ஆனால் அல்சின்டருக்கு நான்கு ஆண்டு இருந்தது. நம் உயர்தர மாணவனுக்கு இருப்பது ஏறக்குறைய இரண்டு. அதில் பின்னது பரீட்சை ஆண்டு. ‘அடுத்த ஆண்டு’ என்று நாம் சொல்லும்போது, ‘இல்லை’ என்பதையே மரியாதையாகச் சொல்கிறோம்.

இதை நான் கற்றது நூலிலிருந்து அன்று. சில ஆண்டுகளுக்கு முன், இவனைப் போலவே தோட்டத்திலிருந்து வந்த ஒரு மாணவன் பட்டியலில் தன் பெயர் உண்டோ என்று என்னிடம் கேட்டான். “அடுத்த ஆண்டு பார்க்கலாம், தம்பி,” என்றேன். தலையசைத்துச் சென்றான். அடுத்த ஆண்டு வந்தது, அவன் வரவில்லை. கொழும்பிலே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று அவனுடைய வகுப்புத் தோழர்கள் சொன்னார்கள். கூடைப்பந்து அவனைக் கல்லூரியில் தடுத்து நிறுத்தியிருக்கும் என்று கூற எனக்கு உரிமையில்லை. வீட்டு வறுமைக்குப் பந்து மருந்தாகாது. எனினும் அவனிடம் நான் கூறிய விடை, சிந்தித்துக் கூறியது அன்று; வாய்க்கு எளிதாக வந்தது. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இச்செய்தி காதில் விழுந்த பழைய மாணவர் ஒருவர், “மலையகத்துப் பிள்ளைதானே முரளிதரனும்? ஆடவிடுங்கள்!” என்று உற்சாகமாகச் சொன்னார். அன்பர் மன்னிப்பாராக. முத்தையா முரளிதரன் கண்டியில் வணிகக் குடும்பத்திற் பிறந்தவர். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் சிறுவயது முதலே பயின்றவர். பதினான்கு வயதில், பயிற்றுநர் சொற்கேட்டு, மிதவேகப் பந்துவீச்சை விட்டுச் சுழற்பந்துக்கு மாறியவர். 1992இல் இருபது வயதில் நாட்டின் டெஸ்ட் அணியில் அவர் இறங்கியபோது அவருக்குப் பின்னால் ஒரு கல்லூரியின் பல்லாண்டுப் பயிற்சி நின்றது. 2010இல் எண்ணூறு விக்கெட்டோடு அவர் ஓய்ந்ததை நாம் கொண்டாடுகிறோம். அந்தப் பல்லாண்டை மறந்துவிடுகிறோம். நம் பையனுக்குப் பின்னால் நின்றது சவுக்கு மரம் ஒன்றே.

ஆகவே ஒத்திகை ஆட்டத்தில் அவனை நிறுத்தி நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன். பந்தாட்டம் அறியாத நான் அங்கே கண்டது என் தொழிலுக்குரிய ஒன்று. பையன் பந்தை அழகாகக் கொண்டுவந்தான், நடுக்கோட்டருகே தயங்கினான், வலப்பக்கம் நின்ற மூத்த மாணவனைப் பார்த்து, “அண்ணே, கொஞ்சம் அங்கிட்டுப் போறீங்களா?” என்றான். அவன் சொல்லி முடிக்குமுன் எதிரி பந்தைத் தட்டிச் சென்றுவிட்டான். மறுபடியும் அவ்வாறே. மூன்றாம் முறை அவன் வாயே திறக்கவில்லை. தானே உள்ளே புகுந்து இடிபட்டு விழுந்தான்.

உடற்கல்வி ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் இலக்கணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘வா’ என்பது ஓரெழுத்து. ‘வாங்க’ என்பதற்கு எழுத்து மூன்று. ‘அண்ணே, வாறீங்களா’ என்பதற்குள் எட்டு விநாடியில் இரண்டு போய்விடும். ஒருவரைப் பன்மையால் விளிப்பது வழக்கினால் வந்த உயர்வுச் சொல்லே அன்றி இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் உரைப்பார். ஆனால் தொல்காப்பியரைக் காட்டி, ‘அண்ணனை வா போ என்று ஏவடா’ என்று ஓர் ஆசிரியன் சொல்லலாமா? மூத்தோரைப் பணிக என்று அவனுக்குக் கற்பித்தவர்களும் நாம்தாமே. மேலும் அவன் வளர்ந்த இடத்தில் ஏவல் என்பது மேலிருந்து கீழே வருவது. துரை கணக்கப்பிள்ளையை ஏவினார், கணக்கப்பிள்ளை கங்காணியை, கங்காணி இவன் பாட்டனை. ஏவும் வினை அவன் குடும்பத்தில் எவர் நாவிலும் பழகியதன்று. கையிலும் காலிலும் அவன் ஆயத்தம், குரலில் அன்று. குரலோ திடலுக்கு வெளியே ஓர் ஆண்டு காத்திருப்பதால் வளர்வதன்று. தமிழகத்து வீராங்கனை அனிதா பால்துரை பத்தொன்பது வயதிலேயே இந்திய மகளிர் அணியின் தலைவியானவர்; தம்மினும் மூத்தோரை நடத்தியே அவரும் பழகியிருக்க வேண்டும்.

வழி கண்டவன் அணித்தலைவன். இரண்டாம் ஆண்டு மாணவன். இடத்தை இழக்கும் பையனுடைய நெருங்கிய நண்பன் வேறு. முகம் சுளிப்பான் என்று நான் அஞ்சியிருந்தேன். அவனோ, “சேர், நம்பரைச் சொல்லச் சொல்லுங்க,” என்றான். நம்முடைய சட்டைகள் பழையவை. பழைய விதிப்படி நான்கு முதல் பதினைந்து வரை இலக்கமிட்டவை. ‘ஏழு!’ என்றால் அதில் ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை; அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. இருபதாண்டாக இலக்கணம் கற்பிக்கும் எனக்குத் தோன்றாதது அது. பன்னிரண்டாம் இலக்கக்காரன் மட்டும் சட்டையை மாற்றிக்கொண்டான். ‘பன்னிரண்டு’ என்று சொல்லி முடிக்குமுன் பந்து போய்விடும் அல்லவா!

பையன் முதல் நாள் இலக்கத்தையும் மெல்லவே சொன்னான். நடுத்திடலில் நின்று, கோயில் மணி எட்டுமளவு கத்துமாறு மூத்தவர்களே அவனைப் பழக்கினார்கள். மற்றோர் இடரும் இருந்தது. அவனுடைய தோட்டத்துக்குக் கடைசி பஸ் மாலை நாலரைக்கு. பயிற்சியோ ஐந்து மணிவரை. அணியெல்லாம் அரைமணி முன்னதாகத் தொடங்க இசைந்தது. பகலுணவைப் பாதியில் விட்டு வந்தார்கள் என்று இரண்டொரு தாய்மார் என்னைக் கடிந்துகொண்டனர். அதற்கு நான் உரியவனே. கையொப்பத்தை இட்டேன். உடற்கல்வி ஆசிரியரும் இட்டார், “உங்கள் பொறுப்பு, ஐயா” என்ற சொல்லோடு.

போட்டி ஆவணியில், கச்சான் காற்று வீசும் பிற்பகலில் நிகழ்ந்தது. திறந்த திடலில் காற்று பந்தைக் கூடையிலிருந்து விலக்கும். முதற் பத்து நிமிடத்தில் பையன் பந்தை நான்குமுறை இழந்தான். கூட்டம் சிரித்தது, எனக்கு அக்கொழும்புக் கடைப் பிள்ளையின் நினைவும், உடற்கல்வி ஆசிரியரின் எச்சரிக்கையும் ஒருங்கே வந்தன. மாற்றிவிடலாம் என்று அவர் எழுந்தார். அணித்தலைவன் திடலிலிருந்தே கையசைத்து வேண்டாம் என்றான். மூன்றாம் பகுதியில், காற்றையும் கடந்து, “ஏழு! ஏழு!” என்று ஒரு குரல் கேட்டது. நான் திரும்பி எவர் கூவுவது என்று பார்த்தேன். அவன்தான். அணித்தலைவன் இடப்பக்கம் வெட்டி ஓடினான். பந்து அங்கே காத்திருந்தது.

ஆறு புள்ளியால் தோற்றோம். உடல் மெலிவு பற்றி உடற்கல்வி ஆசிரியர் சொன்னதும் மெய்யாயிற்று; இறுதியில் பையனால் ஓட முடியவில்லை. இருவரும் அதைப் பற்றி நெடுநேரம் பேசினோம். காலையில் அவன் என்ன உண்டு வருகிறான் என்று அதுவரை நாங்கள் கேட்டதே இல்லை. மறுநாள் கேட்டோம். அதுமுதல் பயிற்சி நாட்களில் அவனுக்கு ஒரு பாத்திரம் மிகுதியாக வந்தது. கொண்டுவந்தவன் இலக்கம் ஐந்து.

போட்டி முடிந்தபோது கடைசி பஸ் போய்விட்டிருந்தது. அணித்தலைவனின் தந்தை தமது முச்சக்கர வண்டியில் பசறை வழியாகத் தோட்டம் வரை கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். பையன் ஏறியமர்ந்து, வெளியே நின்றவனை நோக்கித் தலையை நீட்டி, “போயிட்டு வர்றேன் அண்ணே,” என்றான், கேட்டும் கேளாத பழைய குரலில்.