செய்தியாகாத சாதனைகள்

பாரிசவாதம் என்றதும் முதியவர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால் பச்சிளங் குழந்தையையும், ஏன், கருவிலிருக்கும் சிசுவையும்கூட அது தாக்குவதுண்டு. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் உடலின் வலப்பக்கம் வலுவிழக்கும். ஒரு வயது நிரம்புமுன்பே குழந்தை ஒரு கையை மட்டுமே நாடினால், பழக்கம் என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

பிள்ளையொன்று சட்டைப் பொத்தானைப் பூட்டியதை எந்தப் பத்திரிகையும் தலைப்புச் செய்தியாக்குவதில்லை. அத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை நன்கறிவேன். ஆயினும் வலுவிழந்த கையால் பாணை அழுத்திப் பிடித்து மறுகையால் பட்டர் பூசுவதும், சப்பாத்து நாடாவை முடிவதும் பல மாதப் பயிற்சியின் பலன்கள். நல்ல கைக்குச் சில மணிநேரம் உறையிட்டு, மற்றக் கையை இயங்கத் தூண்டும் சிகிச்சையும் உண்டு. திரும்பத் திரும்பச் செய்வதாலேயே வளரும் மூளை புதிய வழிகளைக் கற்கிறது.

பாடசாலைக்கு நேரமாகிறதென்று பெற்றோர் பலர் அந்தப் பொத்தானைத் தாமே பூட்டிவிடுகின்றனர். அன்பினால்தான், ஆனால் அன்றைய பயிற்சி பிள்ளைக்குக் கிட்டாமற் போகிறது. பத்து நிமிடம் முன்னதாக எழுப்புங்கள். பிறகு, அருகிலிருந்து பொறுமையாகக் காத்திருங்கள்.