ஏதென்ஸ் நகரத்து மாணவர் வானொலி

ஏதென்ஸ் என்றதும் நம் நினைவில் எழுவது சாக்ரடீசும் பிளேட்டோவும் வாழ்ந்த கிரேக்கப் பெருநகரமே. அப்பெயரையே தாங்கிய மற்றோர் ஊர் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறது. அட்லாந்தா மாநகரிலிருந்து கிழக்கே சுமார் 110 கிலோமீட்டர் தொலைவு. மோட்டாரில் ஒன்றரை மணி நேரப் பயணம். 1785-ஆம் ஆண்டிலேயே சாசனம் பெற்ற ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு இடம் தேடியவர்கள், காட்டு நிலம் ஒன்றைத் தேர்ந்து, அங்கே எழுந்த ஊருக்குக் கல்வியிற் சிறந்த கிரேக்க நகரின் பெயரைச் சூட்டினர். 2020-ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்படி அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த வட்டாரத்தையும் சேர்த்து வாழ்வோர் 1,28,000-க்குச் சற்று மேற்பட்டவர். பல்கலைக்கழகத்தில் பயில்வோரோ 40,000 பேருக்குக் குறையார்.

அட்லாந்தாவில் பணிபுரியும் என் மகனுடன் சில வாரங்கள் தங்கியிருந்தபோது இவ்வூரைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. நம் சங்கத்து அன்பர்களில் பலருடைய மக்கள் இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் பயில்கின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர் நயாகராவையும் நியூயார்க்கையும் கண்டு திரும்புவதே வழக்கம். ஏதென்ஸில் அத்தகைய பெருங்காட்சி ஏதுமில்லை. எனினும் ஒரு சிற்றூர் தன் குரலைத் தானே கேட்கக் கற்றுக்கொண்ட கதை அங்கே உண்டு. அக்கதையை நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரின் நடுவே, பிராடு வீதியும் பல்கலைக்கழகமும் சந்திக்கும் இடத்தில், இரும்பினால் ஆன பழைய வளைவு ஒன்று நிற்கிறது. பட்டம் பெறுமுன் அதன் கீழே நடந்து செல்வது மாணவருக்கு ஆகாது என்பது அங்குள்ள மரபு. வேறொரு வீதியில் ‘தனக்குத்தானே உடைமையான மரம்’ என்று பெயர் பெற்ற ஓக் மரம் ஒன்றைக் கண்டோம். மரத்தின்மீது பேரன்பு கொண்ட பழைய உரிமையாளர் நிலத்தை மரத்துக்கே எழுதிவைத்தார் என்பது வழிவழிச் செய்தி. அம்மூல மரம் 1942-இல் வீழ்ந்தது. அதன் விதையில் முளைத்த கன்றை 1946-இல் அதே இடத்தில் நட்டனர். இன்று நிற்பது அம்மகவே. பல்கலைக்கழகத்தின் காற்பந்து அரங்கமோ 90,000 பேருக்கு மேல் அமரத்தக்கது. ஆட்ட நாளில் ஊரே அங்குத் திரண்டுவிடும் என்றார்கள்.

ஊரை அணுகும்போதே என் மகன் வானொலியின் எண்ணை 90.5-இல் நிறுத்தினான். கேட்டறியாத பாட்டு ஒன்று ஒலித்தது. அது முடிந்ததும் ஓர் இளம்பெண் சற்றுத் தயங்கித் தயங்கிப் பேசினாள். பாடியவர் யார், அவர்கள் அன்றிரவு எந்த அரங்கில் எத்தனை மணிக்குப் பாடுகின்றனர், நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்பவற்றை வரிசையாகச் சொன்னாள். “அப்பா, இது மாணவர்களே நடத்தும் நிலையம். பாடினவர்களும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தாம்,” என்றான் மகன். விளம்பரக் கூச்சல் இல்லாத அந்த ஒலிபரப்பு என் கருத்தைக் கவர்ந்தது. அதைப்பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைக் கீழே தருகிறேன்.

அமெரிக்காவில் வானொலி தொடக்கம் முதலே பெரும்பாலும் வணிகர் கையில் இருந்தது. விளம்பரமே அதற்கு உணவு. அதிகம் பேர் கேட்கும் பாட்டே விளம்பரத்தை ஈர்க்கும். ஆகவே ஏற்கெனவே புகழ்பெற்ற பாட்டே மீண்டும் மீண்டும் ஒலிக்கும். இந்நிலையில் 1945-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசின் தகவல்தொடர்பு ஆணையம் எப்.எம். அலைவரிசையின் அடிப்பகுதியை, அஃதாவது 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை, வணிகம் சாராத கல்வி ஒலிபரப்புக்கென ஒதுக்கிவைத்தது. 1948-இல் வெறும் 10 வாட் ஆற்றலுள்ள சிறு நிலையங்களுக்கும் உரிமம் வழங்க முற்பட்டது. 10 வாட் என்பது ஒரு படுக்கையறை விளக்கின் மின்னளவே. ஆயினும் கல்லூரியையும் அதைச் சுற்றிய தெருக்களையும் எட்ட அது போதும். இவ்வாறு நாடெங்கும் கல்லூரி வானொலிகள் தோன்றின. 1978-இல் ஆணையம் தன் கொள்கையை மாற்றி, 10 வாட் நிலையங்கள் 100 வாட்டுக்கு உயராவிடில் அவற்றின் அலைவரிசைக்குப் பாதுகாப்பு இல்லை என்றது. பல நிலையங்கள் முயன்று உயர்ந்தன, சில மறைந்தன.

ஏதென்ஸின் மாணவர் நிலையம் 1972-இல் ஒலிக்கத் தொடங்கியது. அதன் அழைப்பெழுத்து டபிள்யூ.யூ.ஓ.ஜி. பின்னாளில் அதன் ஆற்றல் 26,000 வாட்டாக வளர்ந்தது. அது பிறந்து ஐந்தாண்டுகளுக்குள் அவ்வூரில் எவரும் எதிர்பாராத இசை எழுச்சி ஒன்று தோன்றியது. 1977-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள், ஒரு வீட்டு விருந்தில், ‘பி-52ஸ்’ என்னும் குழுவினர் முதன்முறையாகப் பாடினர். மறு ஆண்டு ஓவியக் கலை பயின்ற மாணவர் சிலர் ‘பைலான்’ என்னும் குழுவை அமைக்கத் தொடங்கினர். அக்குழுவின் மத்தளக்காரர் கர்ட்டிஸ் குரோ குடியிருந்த மாடியில் 1978 அக்டோபர் இறுதியில் ஒரு விருந்து நடந்தது. அங்கே ஒளி தந்தது 40 வாட் பல்பு ஒன்றே என்பர். அதிலிருந்து பிறந்த பெயர்தான் ‘40 வாட் கிளப்’. பல இடங்கள் மாறி, வாஷிங்டன் வீதியில் நிலைபெற்று, அவ்வூர் இசையின் தலைவாயிலாக அது விளங்கிற்று.

1980-ஆம் ஆண்டில், ‘வக்ஸ்ட்ரி’ என்னும் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த பீட்டர் பக் என்பவரும், அங்கே தட்டு வாங்க வந்த மைக்கேல் ஸ்டைப் என்னும் ஓவிய மாணவரும் நண்பராயினர். மைக் மில்ஸ், பில் பெர்ரி என்னும் வேறிரு மாணவரும் சேர்ந்து, அவ்வாண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், வழிபாடு நின்றுபோன பழைய தேவாலயம் ஒன்றில், நண்பர் ஒருவரின் பிறந்தநாள் விழாவில் பாடினர். ஆர்.இ.எம். என்று பின்னர் உலகெங்கும் புகழ்பெற்ற குழு அதுவே. 1981-இல் ‘ஹிப்-டோன்’ என்னும் மிகச் சிறிய நிறுவனம் அவர்களது முதல் இசைத்தட்டை வெளியிட்டது. முதற்பதிப்பு ஆயிரம் தட்டுகளே. 1983-இல் வந்த அவர்களது முதல் முழுத்தொகுப்பான ‘மர்மர்’, அவ்வாண்டின் சிறந்த தொகுப்பு என ‘ரோலிங் ஸ்டோன்’ இதழால் பாராட்டப்பெற்றது.

ஆயிரம் தட்டுகள் எங்ஙனம் ஒரு கண்டம் முழுவதும் எட்டின? வணிக வானொலிகள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஊருக்கு ஊர் இருந்த கல்லூரி வானொலிகளே அவற்றை ஏற்று ஒலிபரப்பின. இந்நிலையங்களுக்கெனவே வெளிவந்த தொழில் இதழ் ஒன்று, எந்தக் கல்லூரியில் எந்தத் தட்டு மிகுதியாக ஒலிக்கிறது என்பதைத் தொகுத்து அட்டவணையாக வெளியிட்டது. வட கோடியில் இருந்த மாணவர் தென்கோடிப் பாட்டை அறிந்தனர். பாட்டைக் கேட்டவர் குழுவை அழைத்தனர். குழுவினர் பழைய வேன் ஒன்றில் ஏறி ஊர் ஊராகச் சென்று பாடினர். சென்ற ஊரிலெல்லாம் அங்குள்ள மாணவர் நிலையம் அவர்களை வரவேற்றுப் பேச வைத்து, அன்றிரவுக் கச்சேரியையும் அறிவித்தது. நம் நாட்டில் நாடகக் குழுக்கள் ஊர்தோறும் முகாமிட்ட காலத்தில், மாட்டுவண்டியில் தமுக்கடித்துச் சென்று நாடகத்தை அறிவிப்பார்களே, ஏறக்குறைய அப்பணியையே இவ்வானொலிகள் செய்தன எனலாம்.

இத்தகைய நிலையங்களின் அன்றாட நடைமுறை எளியது. பார்வைக்கு வரும் இசைத்தட்டுகளை மாணவர் குழு கேட்கும். கேட்டவர் தம் கருத்தை ஒரு சீட்டில் எழுதி உறையின்மீது ஒட்டுவர். எந்தப் பாட்டு நன்று, எதை ஒலிபரப்பலாகாது என்பதும் அதில் இருக்கும். அறிவிப்பாளர் அச்சீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பர். ஊர் அரங்குகள் தம் நிகழ்ச்சி நிரலை நிலையத்துக்கு அனுப்பும். அது நாள்தோறும் பலமுறை படிக்கப்படும். அரங்கினர் தரும் சில நுழைவுச் சீட்டுகளைத் தொலைபேசியில் முதலில் அழைக்கும் நேயருக்கு இலவசமாகக் கொடுப்பதுண்டு. ஏதென்ஸ் நிலையத்தினர், ‘முகப்பு மண்டபத்தில் நேரடியாக’ என்னும் பொருள்படும் பெயரில், உள்ளூர்க் குழுக்களைத் தம் நிலையத்துக்கே அழைத்துப் பாட வைக்கும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தி வந்திருக்கின்றனர். உள்ளூர் இசைக்கென்றே தனி நிகழ்ச்சியும் அவர்களிடம் உண்டு. நேற்றுத்தான் முதற்பாட்டை இயற்றிய இளைஞனும் ஒலிவாங்கியின் முன் நிற்கலாம். தாய் வீட்டிலிருந்தபடியே அதைக் கேட்கலாம்.

குறைகள் இல்லாமலும் இல்லை. அறிவிப்பாளர் சொல் மறந்து விழிப்பதுண்டு. தட்டு முடிந்தும் நிலையம் மௌனமாய்க் கிடப்பதுண்டு. எவருக்கும் விளங்காத பாட்டே உயர்ந்த பாட்டு என்று கருதும் இளமைச் செருக்கும் உண்டு. நான்கு ஆண்டுகளில் மாணவர் பட்டம் பெற்றுப் போய்விடுவதால், கற்ற பாடத்தைப் புதியவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டும். ஆயினும் புதிய செவிகள் ஆண்டுதோறும் வருவதனால்தான் புதிய இசைக்கு ஆண்டுதோறும் இடம் கிடைக்கிறது.

ஆர்.இ.எம். குழுவினர் முதலிற் பாடிய தேவாலயத்தைக் காணச் சென்றோம். கட்டடம் 1990-இல் இடிக்கப்பட்டுவிட்டது. கோபுரம் மட்டும் தனித்து நிற்கிறது. அதற்கு அண்மையில் ‘நூச்சிஸ் ஸ்பேஸ்’ என்னும் அறநிலையம் உள்ளது. இசைப் பயிற்சி பெற்ற தன் இளமகனை இழந்த தாய் ஒருவர், மனத்துயரில் வாடும் இசைஞருக்கு மருத்துவ உதவியும், பயிற்சி செய்யக் குறைந்த வாடகையில் அறைகளும் கிடைக்கவேண்டும் என்று 2000-ஆம் ஆண்டில் அதை நிறுவினார். புகழ்பெற்றவர் நால்வர் என்றால், பெயர் தெரியாமற் போனவர் நானூற்றுவர் என்பதை அவ்விடம் நமக்கு நினைவூட்டுகிறது. அவர்களையும் நினைத்துப் பார்க்கும் ஊர் என்பதே ஏதென்ஸுக்குப் பெருமை.

இனி, நெஞ்சை வருத்தும் செய்தி ஒன்று. எல்லாக் கல்லூரிகளும் தம் மாணவர் நிலையங்களைப் பேணிக்கொள்ளவில்லை. டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகம், மாணவர் உழைப்பால் 50,000 வாட் ஆற்றலுக்கு வளர்ந்த தன் நிலையத்தை 95 லட்சம் டாலருக்கு மற்றொரு பல்கலைக்கழகத்துக்கு விற்பதாக 2010-இல் அறிவித்தது. மாணவரும் பழைய மாணவரும் எதிர்த்தும் பயனில்லை. 2011-இல் நிலையம் கைமாறியது. அதே ஆண்டில் நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர் நிலையமும் தன் அலைவரிசையை இழந்தது. இசைக்கே தலைநகர் என்று பேர்பெற்ற ஊரில் இது நிகழ்ந்தது என்பதை எண்ணுக.

விற்றவர் கூறிய காரணம் முற்றிலும் புறக்கணிக்கத் தக்கதன்று. மாணவர் இணையத்திலேயே கேட்கின்றனர். கேட்பார் குறைந்த அலைவரிசையைப் பணமாக்கி வேறு கல்விப் பணிக்குச் செலவிடலாம் என்றனர். இணையத்தில் ஒலிபரப்புவதற்கு வழிகாட்டியதும் ஒரு கல்லூரி வானொலியே. வட கரோலினாவிலுள்ள சாப்பல் ஹில் நகரத்து டபிள்யூ.எக்ஸ்.ஒய்.சி. நிலையம் 1994 நவம்பரிலேயே அதைச் செய்துவிட்டது. ஆயினும் இணையத்தில் நாம் தேடியதே கிடைக்கும். வண்டியோட்டிச் செல்பவர் எண்ணைத் திருப்பும்போது தேடாத பாட்டு ஒன்று காதில் விழுந்து, அன்றிரவே அவரை ஓர் அரங்குக்கு இழுத்துச் செல்வது வானொலியால் மட்டுமே எளிதில் கைகூடும். ரைஸ் மாணவர் மனந்தளரவில்லை. இணையத்தில் தொடர்ந்து ஒலிபரப்பி, 2015-இல் சிறு ஆற்றலுள்ள புதிய அலைவரிசை ஒன்றைப் பெற்று மீண்டும் வானில் ஏறினர். 50,000 வாட் எங்கே, 100 வாட்டுக்கு மேற்படாத ஒலி எங்கே! எனினும் அஃது அவர்களுடைய ஒலி.

இச்செய்தி நமக்கெதற்கு என்று அன்பர் சிலர் வினவலாம். பிறந்த ஊரை விட்டுத் தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறிய நம் முன்னோர், இரவில் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து, இரைச்சலுக்கிடையே இலங்கை வானொலியின் தமிழ் ஒலியைத் தேடியதுண்டு. தம் மொழியைத் தாம் வாழும் ஊரின் காற்றிற் கேட்க வழியின்றி இருப்பது எத்தகைய குறை என்பதை நம்மினும் நன்கறிந்தவர் யாவர்? நம் நாட்டிலும் கதவு முற்றும் அடைபட்டு விடவில்லை. கல்வி நிலையங்கள் வானொலி நடத்தலாம் என்று அரசு 2002-இல் இசைந்தது. 2004 பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியைத் தொடங்கிவைத்தது. 2006-இல் தொண்டு அமைப்புகளுக்கும் அவ்வுரிமை விரிந்தது. 100 வாட் ஆற்றலில் சில கல் தொலைவு ஒலிக்கும் இத்தகைய நிலையங்கள் நாட்டின் பல பகுதிகளில் இன்று உண்டு.

நம் பிள்ளைகள் பயிலும் கல்லூரியில் அத்தகைய நிலையம் உண்டா என்று கேட்டறியுங்கள். உண்டெனில், நம் சங்க மேடையில் பாடும் இளைஞரையும், மிருதங்கம் பழகும் சிறுவரையும், சொந்தமாகப் பாட்டுக் கட்டிக் கிட்டார் மீட்டும் பிள்ளைகளையும் அங்கு அனுப்புங்கள். கச்சேரிக்கு முதல் நாள் ஒரு சிறு அறிவிப்பைக் கொடுங்கள். பெரும் புகழ் அனைவருக்கும் வாராது. வரவேண்டும் என்பதும் இல்லை. தன் ஊரார் தன்னைக் கேட்டனர் என்னும் நிறைவு ஒவ்வோர் இளைஞனுக்கும் உரியது. ஏதென்ஸ் நகரத்து மாணவர் அதைத் தம்முள் ஒருவருக்கொருவர் வழங்கி வந்திருக்கின்றனர். நாமும் வழங்கலாம்.